கதவுக்குள் போகும் ஆள்

சின்னம் அட்டைப்பெட்டியில் வந்தது. ஐம்பது ஐம்பதாக ரப்பர் போட்டுக் கட்டி, மேலே பிளாஸ்டிக் உறை. எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் இரண்டு கட்டு. வண்டி நிற்கும் கூடத்தில், குழாய்களைக் காயப் போடும் கம்பிக்குக் கீழே பெட்டியை வைத்து, நிலைய அதிகாரி கத்தியால் கீறித் திறந்தார்.

"நாளன்னைக்குக் காலையில எல்லார் வலது தோள்லயும் இது இருக்கணும். கோணல்மாணலா தைச்சுக்கிட்டு வந்து என் மானத்தை வாங்காதீங்க."

அவர் அப்படித்தான். நெருப்பு முன்னால் நின்றாலும் சட்டை மடிப்புக் கலையாத மனிதர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. முகத்துக்கு நேரே 'சார்'.

நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கேடயம். மேல் விளிம்பில் மூன்று சேவைகளுக்கும் ஒவ்வோர் அடையாளம்: போலீசுக்கு நட்சத்திரம், எங்களுக்குக் குறுக்கே வைத்த இரண்டு கோடரி, ஆம்புலன்சுக்குப் பாம்பு சுற்றிய கோல். நடுவில் ஒரு கதவு. கதவு முழுக்கச் சிவப்பு நூலில் நெருப்பு. அந்த நெருப்புக்குள் நமக்கு முதுகைக் காட்டியபடி போகிறான் ஓர் ஆள். கீழே தங்க நூலில் எழுத்து: 'மீண்டும் உள்ளே சென்றார்.'

அந்த ஆள் என் அண்ணன். அவன் மீண்டும் உள்ளே போகவே இல்லை. உள்ளே போனவன் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும், இஸ்திரிக்குத் தெரியும், அண்ணனோடு உள்ளே போன, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் ஆளுக்குத் தெரியும். மூன்று பேருக்குத் தெரிந்த பொய்யை மூன்று சேவைக்காரர்களும் தோளில் தைத்துக்கொண்டு திரிய வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பல்லால் கிழிக்கப் பார்த்தேன். நல்ல தையல், கிழியவில்லை.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு மாதமாக இதைச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை.

ஒரு மத்தியான வேளை, மெத்தைக் கிடங்கில் தீ. ஸ்பாஞ்சு எரிந்தால் வரும் புகையில் நீட்டிய கை தெரியாது. முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மூடியும் இல்லாமல் உள்ளே போக முடியாது. போகிற ஒவ்வொருவரும் தன் பேர் போட்ட டோக்கனை வாசலில் போர்டு பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்று போர்டு பார்த்தது நான். டோக்கனைக் கொக்கியில் மாட்டி, போன நேரத்தையும் சிலிண்டரில் காற்று எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுவேன். வெளியே வருகிறவர் மூடியைக் கழற்றி, முகத்தைக் காட்டி, தன் டோக்கனைத் தன் கையால் வாங்க வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே. தொங்காவிட்டால் வெளியே. விரல் சூப்பும் குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆனால் எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் இருந்தது. புகைக்குள் போவது எப்போதும் ஜோடியாகத்தான். ஜோடியின் இரண்டு டோக்கன்களையும் ஒரே கொக்கியில் மாட்டுவோம். முதலில் வெளியே வருகிறவர் இரண்டு விரலைக் காட்டுவார், இரண்டையும் சேர்த்து அவர் கையில் போட்டுவிடுவோம். நனைந்த கையுறையோடு தடவித் தடவிப் பிரித்து வாங்க யாருக்குப் பொறுமை? ஜோடி பின்னாலேயே வந்துகொண்டிருப்பார் அல்லவா! யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. ஆறு வருஷம் நானும் அப்படியே செய்தேன். யாருக்கும் எதுவும் ஆகாததால் அதையே முறை என்று நினைத்துவிட்டோம்.

அன்று அண்ணனும் ரேடியோவும் ஜோடி. ரேடியோ வாய் ஓயாத ஆள், அதனால் அந்தப் பெயர். சிலிண்டரில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும். அடித்த பிறகும் பத்து நிமிஷத்துக்குக் காற்று இருக்கும், அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். விசில் கேட்டதும் இருவரும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே திரும்பினார்கள். வழியில் ஓர் இரும்பு அலமாரி சரிந்து அண்ணனை அமுக்கிவிட்டது. முன்னால் போன ரேடியோவுக்கு அது தெரியவில்லை. பின்னால் குழாயை ஒரு கை இழுப்பது தெரிந்தது, அண்ணன்தான் என்று நினைத்தான். அது பக்கத்து நிலையத்து ஆள். புகையில் வழி தவறி எங்கள் குழாயைப் பிடித்துக்கொண்டவன். அவனுடைய டோக்கன் கட்டடத்தின் அந்தப் பக்கம் அவர்கள் போர்டில் தொங்கியது.

புகையிலிருந்து மூடி போட்ட இரண்டு முகம் வந்தது. ரேடியோ இரண்டு விரலைக் காட்டினான். நான் இரண்டு டோக்கன்களையும் அவன் கையில் போட்டேன். மூடியைக் கழற்று என்று சொல்லவில்லை. கூடப் பிறந்தவனின் நடை எனக்குத் தெரியாதா? நான் பார்க்கவே இல்லை. கொக்கியைத்தான் பார்த்தேன்.

"உள்ள யாராவது?" என்று இஸ்திரி கத்தினார்.

"யாரும் இல்ல சார், போர்டு காலி!" என்று பதிலுக்குக் கத்தினேன். நாலு பக்கமிருந்தும் பெரிய குழாய்களால் தண்ணீர் அடிக்கச் சொன்னார். பதினொரு நிமிஷம் கழித்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ரேடியோ நிமிர்ந்து, "அண்ணன் எங்க?" என்று கேட்டான்.

வாசலிலிருந்து இருபது அடியில் கிடந்தான். ஆள் அசையாமல் கிடந்தால் தானாக அலறும் கருவி ஒன்று முதுகில் உண்டு. அது அலறிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் அடித்த தண்ணீரின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே நடந்தது நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இஸ்திரி வாங்கி மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பத்து நாள் கழித்து, டைப் அடித்த வாக்குமூலம் ஒன்று என் பேரில் வந்தது. அதில் அண்ணன் பத்திரமாக வெளியே வருகிறான், டோக்கனை வாங்குகிறான், கிடங்குக் காவலாளி உள்ளே மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மீண்டும் உள்ளே போகிறான். காவலாளியோ ஆரம்பத்திலிருந்தே எங்கள் வண்டியில் சாய்ந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போடு. உனக்காகச் சொல்லல, உங்க அண்ணிக்காகச் சொல்றேன். போர்டுல தப்புன்னு போனா இது விபத்து. இப்படிப் போனா வீரம்" என்றார் இஸ்திரி.

போட்டேன். ரேடியோவும் போட்டான். அதற்கப்புறம் அவன் வாயைத் திறப்பதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். தலைமையகம் அதன்மேல் தங்க நூலில் பூவேலையும் செய்து அனுப்பிவிட்டது.

அண்ணனின் நினைவுச் சுவரைத் திறக்கும் விழாவுக்கான அழைப்பிதழை அண்ணியிடம் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எப்படியும் நான் அங்கேதான் போவேன். நாலு மாதமாக வேலை முடிந்ததும் நேரே அண்ணி வீடு. காய் நறுக்கிக் கொடுப்பேன், துணி மடிப்பேன், பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருவேன். ஏதோ செய்தால் ஏதோ குறையும் என்று ஒரு நப்பாசை.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வேலையிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் நின்று அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மறுநாள் நீங்கதான் திரையை விலக்கணுமாம், அண்ணி. வண்டி அனுப்புறாங்களாம்."

"யாருக்குத் திரை? எங்களை வேண்டாம்னு உதறிட்டுப் போன மனுஷனுக்கா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது, நீயே சொல்லு." பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட சத்தத்தில், கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது. "வெளிய வந்தாச்சு. கை கால் முழுசா, உயிரோட வெளிய வந்தாச்சு. டோக்கனையும் வாங்கியாச்சு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் எங்க முகம் ஞாபகத்துக்கு வந்திருந்தா அந்தப் பக்கம் காலைத் திருப்பியிருப்பாரா? யாரோ ஒரு காவலாளி பெருசாப் போயிட்டான். நாங்க ரெண்டு பேரும் யாருக்கு வேணும்!"

கூடத்தில் அண்ணனின் படம் சுவரைப் பார்த்தபடி திருப்பி மாட்டியிருந்தது. போன வாரம் அப்படி இல்லை. பிள்ளை நோட்டை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காமல், "அப்பாவுக்கு நம்மளைப் பிடிக்காதா அத்தை?" என்று கேட்டது. எட்டு வயது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது. பழியைச் சுமந்துகொண்டு அவன் சுவரைப் பார்த்துத் தொங்குகிறான். 'அவன் வெளியே வரவே இல்லை' என்று நாலு சொல் சொன்னால் போதும். ஆனால் அதற்கு அடுத்த சொல் 'நான்' என்று தொடங்க வேண்டும். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, "அண்ணி, நாளைக்கு வரேன்" என்று எழுந்தேன். படி இறங்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் ஓர் அச்சகத்தில் சின்னத் தீ. காகித அறை ஒன்றுதான், அரை மணியில் முடிந்துவிட்டது. நான் இப்போது பம்பில் நிற்கிறேன், போர்டுக்கு வேறொருவர். ஜோடியில் முதல் ஆள் வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டினார். போர்டு பார்ப்பவர், தோளில் புதுச் சின்னம் மினுமினுக்க, இரண்டு டோக்கன்களையும் அவர் கையில் போட்டார். இரண்டாவது ஆள் அப்போது இன்னும் புகைக்குள் இருந்தார்.

பம்பை விட்டுவிட்டு ஓடினேன். அவர் கையிலிருந்து போர்டைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். "எத்தனை பேரைக் கொல்லணும் உங்களுக்கு? இன்னும் எத்தனை பேரை?" என்று கத்தினேன். இரண்டாவது ஆள் சாவகாசமாக வெளியே வந்து மூடியைக் கழற்றி, "என்ன, சண்டையா?" என்றார். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவள், பாவம், மனசு சரியில்லை என்று. அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நிலையத்துக்கு வந்ததும் இஸ்திரியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். அவர் தன் விழாச் சட்டையின் தோளில் அளவுகோல் வைத்துச் சின்னத்துக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கத்தைக் குடுங்க சார்."

"கதவைச் சாத்து."

"திறந்தே இருக்கட்டும். இன்னைக்கு மறுபடியும் ரெண்டு டோக்கனை ஒருத்தர் கையில குடுத்தாங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "போர்டு காலின்னு நீ சொன்னே. தண்ணியை அடிங்கடான்னு சொன்னது நான். நீ ஒருத்திதான் தூங்காம கிடக்கறேன்னு நினைச்சியா?"

"நீங்க தூங்கினா என்ன, தூங்காட்டி எனக்கென்ன? அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு போடுங்க. ஒரு வரி போதும். ஒரு கொக்கிக்கு ஒரு டோக்கன், முகத்தைப் பார்த்துக் குடுக்கணும். அவ்வளவுதான்."

"போட்டா, இப்ப ஏன் போடறேன்னு மேல கேப்பாங்க."

"சொல்லுங்க."

"சொன்னா எல்லாம் வெளிய வந்துடும். சின்னம் தைச்சு மூணு சேவைக்கும் போயாச்சு. கல்லுல பேர் வெட்டியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "செத்தவன் வீரன். இருக்கறவ வேலையில இருக்கா. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று என் அண்ணனை நினைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது குழாய் இழுத்தான், செத்த பிறகு இவர்களுடைய தப்பை இழுக்கிறான். அந்தச் சின்னத்தைப் பார்த்து வளரும் ஒவ்வொரு புது ஆளும், யாரிடமும் சொல்லாமல் தனியாக நெருப்புக்குள் போவதுதான் பெருமை என்று கற்றுக்கொள்ளப்போகிறான். "அவன் பொண்டாட்டிக்கு நஷ்டம் சார். போய் அவங்க வீட்டுச் சுவரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் ரேடியோ நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருப்பான். தலையைக் குனிந்துகொண்டான்.

விழா நடந்தது மூன்று சேவைக்கும் பொதுவான முற்றத்தில். இடப் பக்கம் போலீஸ் நிலையம், வலப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகை, நடுவில் நாங்கள். புதுச் சுவரை நீல வெல்வெட் துணியால் மூடியிருந்தார்கள். எல்லோர் பேட்ஜிலும் குறுக்கே கறுப்பு நாடா, எல்லோர் தோளிலும் கதவுக்குள் போகும் ஆள். நான் மட்டும் தைக்கவில்லை. இஸ்திரி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் போனார்.

அண்ணி வந்திருந்தார். வராவிட்டால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள் என்பதற்காக வந்திருப்பார். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன் வரிசை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். தலைமையகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி இருபது நிமிஷம் பேசினார். அண்ணனின் பேரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். "தன் குடும்பத்தைவிடக் கடமையே பெரிதென்று எண்ணி, மீண்டும் அந்த நெருப்புக்குள் சென்ற மாவீரர்" என்றபோது அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் அறைந்தது போல் அங்கே விழுந்தது.

கயிற்றை இழுக்க அவரைக் கூப்பிட்டார்கள். போனார். கயிற்றுக்கு முன்னால் நின்றார். கை எழும்பவில்லை. பெரிய அதிகாரி காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். அப்போதும் எழும்பவில்லை.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"வரிசைக்குப் போ" என்றார் இஸ்திரி, உதடு அசையாமல்.

"அண்ணி, இழுக்காதீங்க" என்றேன். அண்ணியின் பக்கத்தில் போய் நின்றிருந்தேன், அங்கே மைக் இருந்ததால் என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "அண்ணன் திரும்பி உள்ள போகல. அவன் வெளியவே வரல. அவன் டோக்கனை நான் வேற ஆள் கையில குடுத்துட்டேன். முகத்தைப் பார்க்காமக் குடுத்துட்டேன். உள்ள யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன். பதினொரு நிமிஷம் அவனை யாரும் தேடல."

யாரோ மைக்கை அணைத்தார்கள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், நாலு மாதம் பேசாமல் கரகரத்துப்போன குரல்: "ரெண்டு விரலைக் காட்டுனது நான்தான் அண்ணி. பின்னாடி வந்தது அவர்னு நினைச்சுட்டேன்." ரேடியோ வரிசையில் நின்றபடியே ஏங்கி ஏங்கி அழுதான்.

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அவருக்கு எவ்வளவு நேரம் காத்து இருந்துச்சு?"

போர்டில் நானே எழுதிய கணக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "நான் டோக்கனைக் குடுத்தப்புறம் எட்டு நிமிஷம், அண்ணி."

"எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தார்?"

"வாசப் பக்கம். கையில குழாயைப் பிடிச்சிருந்தான்."

"அப்ப வெளிய வரத்தான் பார்த்திருக்கார்."

"ஆமா."

"வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்கார்." பிள்ளையிடம் குனிந்து, "கேட்டியா? அப்பா வீட்டுக்கு வரத்தான் பார்த்தாராம்" என்றார். அவன் செத்த நாளிலிருந்து அழாதவர், அங்கேயே தரையில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அதற்குள் பெரிய அதிகாரி கண்ணைக் காட்ட, யாரோ கயிற்றை இழுத்துவிட்டார்கள். பேண்ட் வாசித்தது. கடைசி வரிசைகளில் விஷயம் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். விழாவை முடித்தாக வேண்டுமே, பாவிகளுக்கு!

நான் அண்ணியின் தோளைத் தொட்டேன். அவர் என் கையை எடுத்துக் கீழே விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"டோக்கனை மாத்திக் குடுத்தது கைத்தப்பு. அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன். நீயும் அண்ணனை இழந்தவதானே." குரல் உயரவே இல்லை. "நாலு மாசம் அவரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என் பொண்ணையும் அவரை வெறுக்க வச்சேன். நீ என் அடுப்படியில உட்கார்ந்து, எனக்குக் காய் நறுக்கிக் குடுத்துக்கிட்டே, அத்தனையும் கேட்டுக்கிட்டு இருந்தியே."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். அனுப்பியிருந்த வண்டியில் ஏறவில்லை. "அத்தை வரலையாம்மா?" என்று பிள்ளை கேட்பது எனக்குக் கேட்டது. அண்ணியின் நடை நிற்கவில்லை. பின்னால் ஓடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். எந்த முகத்தோடு ஓடுவது?